சன்னி ரோலின்ஸை எந்த ரெக்கார்டில் தொடங்குவது?

ஜாஸில் டெனர் சாக்ஸஃபோன் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஜான் கோல்ட்ரேனிடம்தான் முதலில் போகிறார்கள். போகட்டும், தப்பில்லை. 'அடுத்து யார்?' என்று கேட்கும்போதுதான் சன்னி ரோலின்ஸின் பெயர் வருகிறது. அங்கே ஒரு சிக்கல். தன் பெயரில் அறுபதுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள் வெளியிட்டவர் அவர். இடையிடையே வருடக்கணக்கில் காணாமல் போனவர். எந்தக் காலத்து ரோலின்ஸைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து ஆளே மாறிவிடுவார்.

புதிதாக வருகிறவர்கள் பலர் எந்த ரெக்கார்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்தால், கேள்வி ஞானத்தை விடக் கதைதான் முடிவு செய்கிறது. ரோலின்ஸைப் பற்றி எங்கே படித்தாலும் முதலில் வருவது பாலத்தின் கதை. புகழின் உச்சியில் இருந்தபோது கச்சேரிகளை நிறுத்திவிட்டு, நியூயார்க்கில் ஒரு பாலத்தின் மேல் நின்று இரண்டு வருடம் தனியாகச் சாதகம் செய்தவர். கேட்டதும் புல்லரிக்கும். உடனே 'தி பிரிட்ஜ்' என்ற ஆல்பத்தை எடுத்துப் போடுகிறார்கள். இரண்டு பாட்டு முடிந்ததும், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கா இவ்வளவு பேச்சு என்று முகத்தில் ஒரு கேள்வி. அதனால் சொல்கிறேன், கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் காதால் தேர்ந்தெடுப்போம்.

என் பட்டியலில் முதல் இடத்துக்குப் போட்டியிடுபவை நான்கு: 'சாக்ஸஃபோன் கொலோசஸ்' (1956), 'வே அவுட் வெஸ்ட்' (1957), 'எ நைட் அட் தி வில்லேஜ் வான்கார்டு' (1957), 'தி பிரிட்ஜ்' (1962). 1972-க்குப் பிறகு வந்தவற்றைத் தனியாகப் பார்க்கலாம். அவற்றில் ஒன்றே ஒன்றுக்கு நான் வாதாடுவேன்.

ஆளைப் பற்றி முதலில் கொஞ்சம். ரோலின்ஸ் 1930 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். பெற்றோர் கரீபியன் கடலில் உள்ள வர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர்கள். சாக்ஸஃபோனில் அவருடைய தெய்வமான கோல்மன் ஹாக்கின்ஸ் அதே வட்டாரத்தில் குடியிருந்தார். பிற்பாடு ஜாஸில் பேர் வாங்கிய ஜாக்கி மெக்லீன், கென்னி ட்ரூ, ஆர்ட் டெய்லர் எல்லாம் கூட வளர்ந்த பையன்கள். இருபது வயதாகும் முன்பே பியானோ கலைஞர் பட் பவலோடு ஒலிப்பதிவு செய்துவிட்டார். அப்புறம் ஹெராயின். 1950-இல் ஆயுதத்தோடு கொள்ளையடிக்கப் போய்ப் பிடிபட்டு, ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் பத்து மாதம். வெளியே வந்தும் பழக்கம் விடவில்லை. அந்த நிலையிலும் 1954-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு வாசித்து 'ஓலியோ', 'ஐரெஜின்', 'டாக்ஸி' என்று மூன்று மெட்டுகளைப் போட்டுவைத்தார். இன்றைக்கும் ஜாஸ் கற்கிற பிள்ளைகள் அவற்றை வாசித்துத்தான் கை பழகுகிறார்கள். 1955-இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் இருந்த அரசு மருத்துவமனைக்குத் தானாகவே போய்ச் சேர்ந்து பழக்கத்தை விட்டார். வெளியே வந்ததும் நேரே கிளப்புக்குப் போனால் மறுபடி வழுக்கிவிடும் என்று பயந்து, சிகாகோவில் கூலி வேலை பார்த்துக்கொண்டு சாதகம் செய்தார். அந்த வருடக் கடைசியில் டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுனும் டிரம்மர் மேக்ஸ் ரோச்சும் நடத்திய குழுவில் சேர்ந்தார்.

அடுத்த மூன்று வருடத்தில், 1956 முதல் 1958 வரை, தன் பெயரில் ஒரு டஜனுக்கு மேல் ஆல்பங்கள். போட்டியில் உள்ள நான்கில் மூன்று அந்தக் காலத்தவை என்பது தற்செயல் கிடையாது.

சரி, 'சாக்ஸஃபோன் கொலோசஸ்'. யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கிற ஆல்பம் இது. 1956 ஜூன் 22, ஒரே நாளில் பதிவானது. இடம், நியூஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெற்றோர் வீடு. வரவேற்பறைதான் ஸ்டுடியோ. பியானோ டாமி ஃபிளானகன், பேஸ் (கனத்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) டக் வாட்கின்ஸ், டிரம்ஸ் மேக்ஸ் ரோச். வெளியிட்ட பிரெஸ்டீஜ் கம்பெனி ஒத்திகைக்குக் காசு கொடுக்காது. வந்தோமா, வாசித்தோமா, கிளம்பினோமா என்பதுதான் அங்கே வழக்கம். அந்த அவசரம் இதில் எங்கேயும் தெரியாது.

முதல் பாட்டு 'செயின்ட் தாமஸ்'. அம்மா பாடிக் கேட்ட கலிப்ஸோ மெட்டு, கரீபியன் தீவுகளின் பாணி. முந்தைய வருடம் பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டன் இதையே வேறு பெயரில் பதிவு செய்திருக்கிறார். ஆனால் ரோலின்ஸ் வாசித்த பிறகு அது அவருடைய சொத்தாகிவிட்டது. மேக்ஸ் ரோச் டிரம்ஸில் தாளத்தைக் கட்ட, சாக்ஸஃபோன் உள்ளே வந்து மெட்டை வாசித்து முடிக்கிறது. அடுத்து தனியாவர்த்தனம் வரும், ஸ்வரங்கள் மழையாகக் கொட்டும் என்று காத்திருப்போம். இவரோ இரண்டே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு வெட்டி வெட்டி வாசிக்கிறார். அதையே கொஞ்சம் தள்ளி வாசிக்கிறார். தாளத்தில் இடம் மாற்றி வாசிக்கிறார். மெல்ல மெல்லத்தான் வாக்கியம் நீள்கிறது. ஜாஸில் புதிதாக நுழைகிறவர்களுக்கு இருக்கும் பெரிய தொல்லை, முதல் நிமிடம் முடிந்ததும் பாட்டு எங்கே போனது என்று தெரியாமல் போவது. இங்கே அந்தத் தொல்லை கிடையாது. கையில் பிடித்துக்கொள்ள எப்போதும் ஏதோ ஒன்று இருக்கும். ரோச்சின் டிரம்ஸ் தனி முடிந்ததும் தாளத்தின் நடையே மாறுகிறது. தீவுத் தாளம் போய், ஸ்விங் என்கிற துள்ளலான ஜாஸ் நடை ஓட ஆரம்பிக்கும். அந்தத் திருப்பத்தை ஒரு தடவை பிடித்துவிட்டால் மறக்க முடியாது.

கடைசிப் பாட்டு 'புளூ செவன்' வேறு ரகம். பதினொரு நிமிடம். டக் வாட்கின்ஸின் பேஸ் தனியாக நடந்து வருகிறது, அதன் மேல் ரோலின்ஸ் ஒரு கோணலான சின்ன மெட்டை வைக்கிறார். பிறகு முழுக்க அதே மெட்டின் துண்டுகளை எடுத்துக் கோத்துக்கொண்டே போகிறார். ஒரே சாகித்ய வரியை நிரவலில் விதவிதமாக விரித்துக் காட்டுகிற பாடகரைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் போக்கு அந்நியமாகத் தோன்றாது. 1958-இல் இசையமைப்பாளரும் விமர்சகருமான கன்தர் ஷுல்லர் இந்தப் பாட்டைப் பிரித்து ஆராய்ந்து நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். கருவை விடாமல் மனோதர்மம் செய்வது ரோலின்ஸின் தனிச் சாதனை என்பது அவர் வாதம். கட்டுரை பிரபலமானது. ஆனால் ரோலின்ஸுக்கு அது உதவவில்லை. யோசிக்காமல் செய்ததை இன்னொருவர் விளக்கிச் சொன்னதும், வாசிக்கும்போது அந்த நினைப்பு குறுக்கே வந்து நிற்கிறது என்றார். தன்னைப் பற்றி எழுதப்படுவதைப் படிப்பதையே விட்டுவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பிறகு ஏன் இதுவே முதல் ரெக்கார்டு என்று நான் அடித்துச் சொல்லவில்லை? நடுவில் இருக்கும் மூன்று பாட்டுகளால்தான். 'யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்' அருமையான மெதுநடைப் பாட்டு. 'மோரிடாட்' குர்ட் வைலின் நாடகப் பாட்டு, 'மேக் தி நைஃப்' என்றால் பலருக்குத் தெரியும். 'ஸ்ட்ரோட் ரோட்' வேகமானது. எதிலும் குறையில்லை. ஆனால் டாமி ஃபிளானகனின் பியானோ அழகாக எல்லா இடைவெளியையும் நிரப்பிவிடுகிறது. அனுபவம் உள்ள காதுக்கு அது விருந்து. புதுக் காதுக்கு, அந்தக் காலத்து நல்ல ஜாஸ் ஆல்பங்களில் இதுவும் ஒன்று என்பதைத் தாண்டிப் பிடி கிடைக்காது. ரோலின்ஸ் என்கிற மனிதர் எப்படி யோசிக்கிறார் என்பது நடுப்பகுதியில் கொஞ்சம் மறைந்துபோகிறது.

'செயின்ட் தாமஸை' மட்டும் தனியாக ஒரு தடவை கேளுங்கள் என்று யாரிடமும் சொல்வேன். முழு ஆல்பமாக உட்கார்ந்து கேட்பதற்கு என் ஓட்டு அடுத்ததற்குத்தான்.

'வே அவுட் வெஸ்ட்' அட்டையைப் பார்த்தாலே சிரிப்பு வரும். வில்லியம் கிளாக்ஸ்டன் எடுத்த படம். மொஹாவி பாலைவனத்தில் பெரிய கௌபாய் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி உறை, கையில் துப்பாக்கிக்குப் பதில் சாக்ஸஃபோன் என்று ரோலின்ஸ் நிற்கிறார். இது அவரே சொன்ன யோசனை. சின்ன வயதில் கௌபாய் படங்கள் பார்த்து வளர்ந்தவர், முதல் தடவையாக மேற்குக் கரைக்கு வந்திருக்கிறார், செய்து பார்க்க ஆசை. கறுப்பினத்தவர் ஒருவர் 1957-இல் அந்த உடையில் ஆல்பம் அட்டையில் நிற்பதில் ஒரு குறும்பும் இருக்கிறது, ஒரு கேள்வியும் இருக்கிறது. எனக்கு முதலில் படுவது குறும்புதான்.

பதிவு 1957 மார்ச் 7, லாஸ் ஏஞ்சல்ஸில். ரோலின்ஸ் மேக்ஸ் ரோச்சின் குழுவோடு ஊருக்கு வந்திருந்தார். பேஸுக்கு ரே பிரவுன், டிரம்ஸுக்கு ஷெல்லி மேன். இருவரும் அந்த ஊரில் மூச்சுவிட நேரமில்லாதவர்கள், அதனால் மூன்று பேரும் ஒன்றாகச் சேர முடிந்த நேரம் விடியற்காலை மூன்று மணி. இதற்கு முன் மூவரும் சேர்ந்து வாசித்ததில்லை. பியானோ கிடையாது. ரோலின்ஸ் பியானோ இல்லாத மூவர் குழுவாக ஆல்பம் முழுக்க வாசித்தது இதுதான் முதல் தடவை. இந்த ஆல்பத்தை நான் முன்னால் வைப்பதற்குக் காரணமும் அதுதான்.

பியானோ இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் எந்த ஸ்வரக்கூட்டு ஓடுகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். சாக்ஸஃபோன் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அதை எடுத்துவிட்டால் பேஸ் கீழே கோடு போடும், டிரம்ஸ் ஓரத்தில் நிற்கும், நடுவில் பெரிய வெற்றிடம். அதில் சாக்ஸஃபோன் தனியாக நிற்க வேண்டும். சமாளிக்கத் தெரியாதவர்கள் அந்த இடத்தைப் பதற்றத்தில் நிரப்பப் பார்ப்பார்கள். ரோலின்ஸ் சும்மா விட்டுவைக்கிறார். ஒரு வரி வாசித்துவிட்டு நிறுத்துகிறார், பேஸ் நடப்பதைக் கேட்கிறார், பிறகு தன் வரிக்குத் தானே பதில் சொல்கிறார். கேட்கிற நமக்கு அவர் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பதே காதில் விழுவது போலத் தோன்றும்.

தொடக்கப் பாட்டு 'ஐம் ஆன் ஓல்ட் கௌஹேண்ட்'. ஜானி மெர்சர் எழுதிய வேடிக்கைப் பாட்டு, பெரிய சங்கீதம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஷெல்லி மேன் கட்டையில் தட்டிக் குதிரைக் குளம்புச் சத்தத்தில் ஆரம்பிக்கிறார். ரோலின்ஸ் கிண்டல் செய்யப்போகிறார் என்று நினைப்போம். இல்லை, மெட்டை முழு மரியாதையோடு வாசிக்கிறார். சிரிப்பும் மரியாதையும் ஒன்றாக. பிறகு அந்தச் சாதாரண மெட்டுக்குள்ளிருந்து அவர் எடுப்பதையெல்லாம் கேட்டால் வாயடைத்துப் போகும். எளிய பாட்டு என்பதால் நமக்கும் வழி தவறாது. எல்லிங்டனின் 'சாலிட்யூட்' இதில் உண்டு, மெதுவாக, கனமான குரலில். 'வேகன் வீல்ஸ்' இன்னொரு கௌபாய்ப் பாட்டு. ஸ்டீரியோ பதிப்பில் சாக்ஸஃபோன் ஒரு பக்கம், பேஸும் டிரம்ஸும் மறுபக்கம். ஹெட்ஃபோனில் கேட்கும்போது சிலருக்கு இது உறுத்தும். எனக்கு இது வசதி. யார் என்ன செய்கிறார்கள் என்று தனித்தனியாகப் பின்தொடரலாம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கொஞ்சம் சாதுவாக இருக்கிறது. ஷெல்லி மேன் நகாசு வேலைக்காரர். அடித்து நொறுக்குகிறவர் கிடையாது. ரோலின்ஸின் முரட்டுப் பக்கத்தை இதில் எதிர்பார்க்க முடியாது.

முரட்டுப் பக்கம் வேண்டுமா, எட்டு மாதம் தள்ளிப் போக வேண்டும். 1957 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் படியிறங்கிப் போகும் நிலவறைக் கிளப், வில்லேஜ் வான்கார்டு. அங்கே நேரடியாக ஒலிப்பதிவு செய்து வெளியான முதல் ஆல்பம் இது. கோல்ட்ரேன், பில் எவன்ஸ் என்று பிற்பாடு பலரும் அந்த அறையில் பதிவு செய்தார்கள், வாசலைத் திறந்தது ரோலின்ஸ். மதியக் கச்சேரியில் பேஸ் டொனால்ட் பெய்லி, டிரம்ஸ் பீட் லா ரோக்கா. இரவில் பேஸ் வில்பர் வேர், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். மூன்று வருடம் கழித்துக் கோல்ட்ரேனின் குழுவுக்குப் போய் உலகப் புகழ் பெற்ற அதே எல்வின் ஜோன்ஸ்தான்.

இங்கேயும் பியானோ கிடையாது. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த நிதானமும் கிடையாது. எல்வின் ஒரு இடத்திலும் சும்மா இருப்பதில்லை. தாளத்தை உருட்டிப் போடுகிறார், ரோலின்ஸ் அதன் மேல் ஏறி ஓடுகிறார், சில இடத்தில் இருவரும் மோதிக்கொள்கிறார்கள். 'சாஃப்ட்லி ஆஸ் இன் எ மார்னிங் சன்ரைஸ்' பாட்டில் வில்பர் வேரின் பேஸை மட்டும் ஒரு தடவை தனியாகக் கவனித்துப் பாருங்கள். கொஞ்ச ஸ்வரங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஆணி அடித்தது போல. 'சன்னிமூன் ஃபார் டூ' ரோலின்ஸின் சொந்த மெட்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சின்ன புளூஸ்.

முதலில் வந்த எல்பி இசைத்தட்டில் ஆறு பாட்டுகள்தான். பிற்பாடு அன்றைய பதிவு முழுவதும் வெளிவந்தது. அதில் 'எ நைட் இன் துனீசியா'வை மதியக் குழு வாசித்ததும் உண்டு, இரவுக் குழு வாசித்ததும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், டிரம்மர் மாறினால் சாக்ஸஃபோன்காரரே எப்படி மாறிப்போகிறார் என்று புத்தகம் படிக்காமலே புரிந்துவிடும்.

நான்கில் எது உயர்ந்தது என்று கேட்டால் தயங்காமல் வான்கார்டைச் சொல்வேன். எதில் தொடங்குவது என்பது வேறு கேள்வி. ஜாஸ் பழகாதவர் கையில் இதைக் கொடுத்தால் மூன்றாவது பாட்டில் மூச்சு முட்டும். ராக் கேட்டு வளர்ந்தவர்கள், டிரம்ஸ் பிரியர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் நேரே இங்கேயே வரலாம்.

இப்போது அந்தப் பாலத்துக்கு வருவோம். 1959 கோடையில் ரோலின்ஸ் மேடையை விட்டு விலகினார். இருபத்தொன்பதாவது பிறந்தநாள்கூட வரவில்லை. தனக்குக் கிடைத்த பேர் தன் வாசிப்பை விடப் பெரிதாகிவிட்டது என்பதுதான் அவருக்கு இருந்த குடைச்சல். குடியிருப்பு லோயர் ஈஸ்ட் சைடில், கிராண்ட் தெருவில். டெனர் சாக்ஸஃபோனை முழு மூச்சில் ஊதினால் கட்டடமே அதிரும். அக்கம்பக்கத்தில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இருந்தார். அவருக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்று இடம் தேடியபோது கண்ணில் பட்டது மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கும் வில்லியம்ஸ்பர்க் பாலம். மேலே நடைபாதை, பக்கத்தில் ரயில், கீழே ஆற்றில் படகுகள். எவ்வளவு சத்தமாக ஊதினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. குளிர்காலத்திலும் போனார், ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம்கூட வாசித்ததுண்டு. சிலசமயம் இன்னொரு சாக்ஸஃபோன் கலைஞரான ஸ்டீவ் லேசி கூடப் போய் வாசித்தார். 1961-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையால் விஷயம் வெளியே வந்தது. அந்த வருடக் கடைசியில் மேடைக்குத் திரும்பினார், 1962 தொடக்கத்தில் ஆர்சிஏ விக்டர் கம்பெனிக்காக 'தி பிரிட்ஜ்' பதிவானது.

அந்த இரண்டு வருடத்தில் ஊரே மாறிப் போயிருந்தது. சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்குக்கு வந்து ஜாஸின் இலக்கணத்தையே கேள்வி கேட்டுவிட்டார். கோல்ட்ரேன் வேறு எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். பாலத்திலிருந்து இறங்கி வருகிறவர் இவர்களையெல்லாம் தாண்டிப் புதிதாக ஏதோ கொண்டுவருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வந்ததோ நேர்த்தியான, பண்பட்ட, பழைய பாட்டுகள் நிறைந்த ஒரு ஆல்பம். அன்றைய விமர்சகர்கள் பலருக்கு ஏமாற்றம். இன்றைக்குக் கதையைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் அதே ஏமாற்றம்.

ஆல்பத்தின் மேல் பழி போடக் கூடாது. பியானோவுக்குப் பதில் ஜிம் ஹாலின் கிட்டார். மனிதர் குரலை உயர்த்தவே மாட்டார். 'வேர் ஆர் யூ' பாட்டில் கிட்டார் இரண்டு ஸ்வரக்கூட்டுகளை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதும், சாக்ஸஃபோன் அந்த இடத்தில் மெல்ல வந்து உட்காருவதும், இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய விஷயம். 'காட் பிளெஸ் தி சைல்ட்' அதே தரம். தலைப்புப் பாட்டு வேகமானது, இரண்டு வருடச் சாதகம் விரல்களில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது அதில் தெரியும். ஆனால் இதையெல்லாம் ரசிக்க ரோலின்ஸ் முன்பு எப்படி இருந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்து இந்த அமைதிக்கு வந்தார் என்பதில்தான் ருசி. அதனால் இது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய ரெக்கார்டு. கிட்டார் பிரியர்கள் வேண்டுமானால் வரிசையை மீறலாம்.

அவர் புரட்சி செய்யவில்லை என்று வருந்தியவர்களுக்கு அதே வருடம் பதில் கிடைத்தது. ஆர்னெட் கோல்மனின் கூட்டாளிகளான டான் செர்ரி (டிரம்பெட் வகை வாத்தியம்), பில்லி ஹிக்கின்ஸ் (டிரம்ஸ்) இருவரையும் சேர்த்துக்கொண்டு 'அவர் மேன் இன் ஜாஸ்' பதிவு செய்தார். முதல் பாட்டு 'ஓலியோ' மட்டுமே எல்பியின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். முதல் ரெக்கார்டாக இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

1958-இன் 'ஃப்ரீடம் சூட்' பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. நியூயார்க்கில் வாடகைக்கு வீடு தேடியபோது நிறத்தைக் காரணம் காட்டி மறுத்த அனுபவத்திலிருந்து பிறந்தது. பத்தொன்பது நிமிடத் தலைப்புப் படைப்பு, கறுப்பர்களின் பண்பாட்டைத் தனதாக்கிக்கொண்ட அமெரிக்கா அவர்களையே ஒடுக்குகிறது என்று அட்டையில் அவரே எழுதிய சிறு குறிப்பு. சிவில் உரிமைப் போராட்டம் ஜாஸ் ஆல்பங்களில் வெளிப்படையாக வருவதற்கு முன்பே வந்தது. கம்பெனி பயந்துபோய், 'ஷேடோ வால்ட்ஸ்' என்று பெயரை மாற்றி மறுபடி வெளியிட்டது. மிக முக்கியமான ஆல்பம், சந்தேகமில்லை. ஆனால் எதையும் முதலில் கேட்பதற்கு முக்கியத்துவம் மட்டும் போதாது. இரண்டாம் பக்கத்தில் சாதாரணப் பாட்டுகள், முதல் பக்கத்துக்கும் அவற்றுக்கும் ஒட்டவில்லை.

1960-களின் பிற்பகுதியில் ரோலின்ஸ் மறுபடியும் ஒதுங்கினார். இந்தத் தடவை இந்தியா வந்து, மும்பை பவாயில் சின்மயானந்தரின் ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கினார். யோகமும் வேதாந்தமும் அதன்பின் கூடவே வந்தன. 1972-இல் 'நெக்ஸ்ட் ஆல்பம்' மூலம் திரும்பினார். அதன்பின் மைல்ஸ்டோன் கம்பெனிக்காக வரிசையாக ஆல்பங்கள். மனைவி லூசில் மேலாளராகவும் பிறகு தயாரிப்பாளராகவும் கூட நின்றார். இந்தக் காலத்து ஸ்டுடியோ ஆல்பங்களில் எதையும் தொடக்கத்துக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்டுடியோக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வாசிப்பது அவருக்கே பிடிக்காது, தன் பதிவுகளைக் கேட்பது அதைவிடப் பிடிக்காது. 1981-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'வெயிட்டிங் ஆன் எ ஃப்ரெண்ட்' பாட்டில் வரும் சாக்ஸஃபோன் இவருடையதுதான். பலர் ரோலின்ஸைக் கேட்டது தெரியாமலே கேட்டிருக்கிறார்கள்.

மேடையில் கதையே வேறு. 1986-இல் நியூயார்க் மாநிலத்தின் சாகர்டீஸில், பழைய கல்குவாரியில் அமைந்த திறந்தவெளியில் கச்சேரி. படப்பிடிப்பும் நடந்துகொண்டிருந்தது. வாசித்துக்கொண்டே உயரமான கல்மேடையிலிருந்து கீழே குதித்துவிட்டார். குதிகால் எலும்பு உடைந்தது. அப்படியே மல்லாந்து படுத்தபடி வாசிப்பைத் தொடர்ந்தார். அந்த நாளின் பதிவு 'ஜி-மேன்' ஆல்பத்தில் கிடைக்கிறது. தலைப்புப் பாட்டு கால் மணி நேரம் நிற்காமல் பொங்கிக்கொண்டே இருக்கும்.

நான் வாதாடுவேன் என்று சொன்ன பிற்காலத்து ரெக்கார்டு அது கிடையாது. 'வித்தவுட் எ சாங்' தான். 2001 செப்டம்பர் 11 அன்று ரோலின்ஸ் வீட்டில் இருந்தார். உலக வர்த்தக மையத்திலிருந்து ஆறு தெரு தள்ளி, உயரமான கட்டடத்தில் குடியிருப்பு. மறுநாள் வெளியேற்றினார்கள், சாக்ஸஃபோனை எடுத்துக்கொண்டு மாடிப்படி வழியாக இறங்கினார். வயது 71. நான்காம் நாள் பாஸ்டனில் கச்சேரி இருந்தது. ரத்து செய்துவிடலாம் என்று அவர் நினைத்தார், லூசில் விடவில்லை. போய் வாசித்தார். அரங்கத்தில் ரசிகர் ஒருவர் எடுத்த பதிவு 2005-இல் ஆல்பமாக வந்தது. அதிலிருந்த 'ஒய் வாஸ் ஐ பார்ன்' பாட்டின் வாசிப்புக்குக் கிராமி கிடைத்தது. ஒலித்தரம் ஸ்டுடியோ அளவுக்கு இல்லை. பக்கவாத்தியங்கள் சில இடத்தில் தேவைக்கு மேல் நீட்டுகின்றன, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த ஆல்பத்துக்கும் கதை இருக்கிறதே, கதையை ஒதுக்கச் சொன்னாயே என்று கேட்பீர்கள். கதை தெரியாதவர்களிடமும் போட்டுக் காட்டலாம், வேலை செய்யும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழியும் உண்டு. 'வித்தவுட் எ சாங்' பாட்டுதான் 'தி பிரிட்ஜ்' ஆல்பத்தின் முதல் பாட்டும். 1962-இல் ஏழரை நிமிடம், ஒவ்வொரு வாக்கியமும் செதுக்கியது, கிட்டாருக்கு வழிவிட்டு வாசித்தது. 2001-இல் பதினாறு நிமிடத்துக்கு மேல், குரல் கரகரத்துப் போய், மூச்சு அங்கங்கே உடைந்து, ஆனால் விடமாட்டேன் என்கிற பிடிவாதம். முதலாவதில் பாட்டைப் பார்க்கிறோம், இரண்டாவதில் ஆளைப் பார்க்கிறோம். ரோலின்ஸ் 2012-க்குப் பிறகு நுரையீரல் நோயால் மேடையில் வாசிக்கவில்லை, ஆகவே அந்தக் கரகரப்பு இன்னும் கொஞ்சம் கனக்கிறது.

ஆக, ஜாஸ் அவ்வளவாகப் பழக்கமில்லை என்றால் 'வே அவுட் வெஸ்ட்'. கோல்ட்ரேன், மைல்ஸ் எல்லாம் கேட்டாயிற்று என்றால் நேரே வான்கார்டு. நண்பருக்குப் பரிசாக எல்பி வாங்குகிறீர்கள், அவர் ரசனை தெரியாது என்றால் 'சாக்ஸஃபோன் கொலோசஸ்', யாரும் குறை சொல்ல முடியாது. வாத்தியம் கற்பவர்களுக்கும் அதுதான், 'புளூ செவன்' ஒன்றுக்காகவே.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 1963-க்கு முன் வெளியான பதிவுகளுக்கு ஐரோப்பாவில் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அதனால் நான்கைந்து ஆல்பங்களை ஒரே பெட்டியில் திணித்து மலிவாக விற்கிற கம்பெனிகள் நிறைய. விலை ஆசை காட்டும். மூல டேப்பிலிருந்து எடுத்ததா, பழைய சிடியிலிருந்து நகல் போட்டதா என்று அட்டையில் இருக்காது. பேஸ் சத்தம் குழம்பிப்போன பிரதியில் பியானோ இல்லாத மூவர் குழுவைக் கேட்டால் பாதி விஷயம் காணாமல் போய்விடும். அதைவிட ஸ்ட்ரீமிங்கில் கேட்பது மேல். ஆனால் அங்கே 'வே அவுட் வெஸ்ட்' விரிவான பதிப்பாகவும் கிடைக்கும், ஒரே பாட்டின் மாற்று டேக்குகளும், அதாவது திரும்ப வாசித்த பதிவுகளும், சேர்ந்து வரும், புதிதாகக் கேட்பவர் இந்தப் பாட்டை இப்போதுதானே கேட்டோம் என்று குழம்பிப்போவார். 1957-இல் வந்த எல்பியில் இருந்தவை ஆறே பாட்டுகள்: 'ஐம் ஆன் ஓல்ட் கௌஹேண்ட்', 'சாலிட்யூட்', 'கம், கான்', 'வேகன் வீல்ஸ்', 'தேர் இஸ் நோ கிரேட்டர் லவ்', கடைசியாகத் தலைப்புப் பாட்டு. முதல் தடவை இந்த ஆறை மட்டும் இதே வரிசையில் கேளுங்கள், மாற்று டேக்குகள் பிறகு.